மருமகன் போட்ட கையெழுத்து

பொன்னுத்துரை கைநாட்டு வைக்க ஆரம்பித்தது அந்த ஜூலை மாதச் சம்பளத்திலிருந்துதான். பத்தாம் வகுப்பு படித்தவன். தொழிலாளர் யூனியன் தலைவன்; மனு எதுவானாலும் முதல் கையெழுத்து அவனுடையதாகத்தான் இருக்கும். பெயரின் கடைசி எழுத்தை இழுத்து, அடியில் ஒரு வளைவு வளைத்து, தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிற வேகத்தில் ஒரு வெட்டு வெட்டி முடிப்பான். அப்படிப்பட்டவன், ஃபேக்டரியில் சம்பளப் பேரேட்டை நீட்டியதும் பேனாவைத் தள்ளி வைத்துவிட்டு மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தினான்.

இதை ஜெஸிந்தாவிடம் வந்து சொன்னவள் பாலாமணி. அதே ஃபேக்டரியில் தூள் சலிக்கிறவள்.

"'ஏனுங்க தலைவரே, படிச்சதெல்லாம் மறந்துபோச்சுங்களா'ன்னு கிளார்க் கேக்கறாரு. பின்னாடி நின்ன ஒருத்தன், 'தேயிலை வெலைதான் எறங்குதுன்னு பாத்தா தலைவரு படிப்பும் கூடவே எறங்குதே'ங்கறான். எல்லாரும் ஒரே சிரிப்பு. உங்க ஊட்டுக்காரரு ஒரு வார்த்த பேசலை அக்கா. விரல வேட்டியில தொடச்சிட்டுப் போயிட்டாரு."

ஜெஸிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஏன் அப்படிச் செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவன் போட்ட ஒரு கையெழுத்தால்தான் அவர்கள் குடியிருக்கும் வீடு கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வீடும், அதன் கீழே சரிவில் இறங்கும் ஒரு ஏக்கர் தேயிலையும் தனசிங்குடையவை. குன்னூரிலிருந்து கொலக்கம்பை போகும் வழியில், ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைத் தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கராகக் காலமெல்லாம் இருந்தவர் அவர். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வாலிப வயதில் மலையேறி வந்தவர். குளிர் பழகியதே தவிரப் பேச்சு மாறவில்லை. அவர் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தவள் ஜெஸிந்தாவின் அம்மா. அவள் காய்ச்சலில் போனபோது ஜெஸிந்தாவுக்கு விவரம் தெரியாத வயசு. தனசிங்குக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை. "இவ இங்கனயே கெடக்கட்டும்" என்றார் தனசிங். அதற்கு மேல் எந்தச் சடங்கும் நடக்கவில்லை, எந்தப் பத்திரமும் எழுதவில்லை. அவள் அவரை அப்பா என்றாள்; அவர் அவளை ஊர் வழக்கில் "ஏட்டி" என்றார். அவ்வளவுதான் உறவு. மனைவி போன பிறகு, அவர் கண் மங்கிக் கால் வீங்கிப் படுத்த பிறகு, அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியது வரைக்கும் ஜெஸிந்தாதான்.

பொன்னுத்துரையை மட்டும் அவர் கடைசிவரை ஏற்கவில்லை என்றுதான் ஜெஸிந்தா நினைத்துக்கொண்டிருந்தாள். காரணம் பழையது. போனஸ் கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில், டீமேக்கர் தனசிங் ஃபேக்டரிக்குள் போக முடியாதபடி வாசலில் கொடியோடு நின்றவன் பொன்னுத்துரை. அந்தப் பையனையே ஜெஸிந்தா கட்டிக்கொள்வேன் என்றாள். வேதக்கோயிலில் கல்யாணம் நடந்தது, ஒரே வீட்டில் குடித்தனமும் நடந்தது. ஆனால் தனசிங் அவனிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசமாட்டார். "ஏட்டி, அந்தக் கொடிக்காரனைச் சாப்பிடச் சொல்லு." அவன் எதிரில் உட்கார்ந்திருப்பான். "கொடிக்காரன் சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்பான் அவனும். நடுவில் ஜெஸிந்தா இரண்டு பக்கமும் தபால் கொண்டுபோவாள்.

பச்சைத் தேயிலை விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று அக்கம்பக்கத்தில் தோட்டங்களைக் காடாக விட்ட வருஷத்தில், தனசிங் உயில் எழுதினார். வீடும் தோட்டமும் ஜெஸிந்தாவுக்கு. எழுதிக் கொடுத்தவர் குன்னூர் வக்கீல் கருணாகரன். படுக்கையில் கிடக்கிற மனிதருக்காக மழையில் குடை பிடித்துக்கொண்டு அவரே நடந்து வந்தார். அன்றைக்கு ஜெஸிந்தா மருந்து வாங்க வெளியே போயிருந்தாள்.

தனசிங் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் அவருடைய தம்பி அன்பையாவின் நோட்டீஸ் ஊரிலிருந்து வந்தது. உயிலில் சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒன்று டிஸ்பென்சரி கம்பவுண்டருடையது. இன்னொன்று பொன்னுத்துரையுடையது. கிறிஸ்தவர் எழுதும் உயிலில், சாட்சி போட்டவருக்கோ அவருடைய மனைவிக்கோ கொடுத்த சொத்து செல்லாது. ஆகவே எல்லாம் உடன்பிறந்த தம்பிக்கே.

நோட்டீஸைப் படித்து முடித்த பொன்னுத்துரை தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வக்கீல் ஊட்ல இருந்தாரு. போட்டேன்" என்றான். அதற்குமேல் அவனிடமிருந்து எதையும் வாங்க முடியவில்லை.

ஜெஸிந்தா முதலில் போனது ராஜப்ரியாவிடம். குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கத்தில் ஒரு மாடியில் சின்ன ஆபீஸ் வைத்திருந்த இளம் வக்கீல் அவள். உயிலை இரண்டு தடவை படித்தாள்.

"வீட்டை உயில வச்சுக் காப்பாத்த முடியாதுங்க அக்கா. சட்டம் தெளிவா இருக்கு. ஆனா இது கருணாகரன் சாரோட தப்பு. அவரு எழுதின உயில்ல பெரும்பாலும் இந்துக் குடும்பங்கதான். அவங்களுக்கு இந்த விதி கிடையாது. யாரு சாட்சி போட்டாலும் சொத்து நிக்கும். அந்தப் பழக்கத்துல விட்டுட்டாரு."

"அப்ப அவரு மேல கேஸ் போடலாங்களா?"

ராஜப்ரியா பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். "போடலாம். ஆனா நீங்க போட முடியுமாங்கறதுதான். அவருக்குக் கட்சிக்காரர் தனசிங் ஐயா. ஃபீஸ் கொடுத்தது அவரு, வேலை சொன்னது அவரு. வக்கீல் தப்புப் பண்ணுனா கட்சிக்காரர்தான் கேக்கணும்."

"அவரு கல்லறையில இருக்காரு."

"அப்ப அவரோட வாரிசு கேக்கணும்."

"வாரிசு யாருங்க?"

ராஜப்ரியா பதில் சொல்வதற்கு முன்பே ஜெஸிந்தாவுக்குப் புரிந்துவிட்டது. வெடுக்கென்று சிரித்தாள். "நல்லா இருக்குதுங்க. தோட்டம் போனதுக்குக் கேஸ் போடற உரிமை, தோட்டம் கெடைச்சவருக்கு! கோழியத் திருடினவனே போலீஸ்ல போயிக் கோழியக் காணோம்னு எழுதிக் குடுக்கற மாதிரி."

ராஜப்ரியாவும் சிரித்துவிட்டாள். ஆனால் ஜெஸிந்தாவின் சிரிப்பு படி இறங்கும்போதே வற்றிவிட்டது. வீடு போவது ஒரு வலி. அந்த மனிதருக்கு நீ யாரும் இல்லை என்று சட்டம் சொன்னது வேறொரு வலி. பெற்ற மகள் இல்லை. தத்தெடுத்தவள் இல்லை. கட்சிக்காரரும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றபோது எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்பதே அவளுக்கு ஒரு நிமிஷம் ஞாபகம் வரவில்லை. கடைசியில் ஏறியது கருணாகரன் வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸில்.

கதவைத் திறந்தவர் கருணாகரனின் மனைவி வேலாமணி. கோயமுத்தூர்க்காரர், வார்த்தையில் வெல்லம் வைத்து ஊசி குத்துகிறவர்.

"வாம்மா ஜெஸிந்தா. கேஸ் போடறதுக்குத்தான் வந்திருக்கறயா? வா, உள்ளே வா. காப்பி குடிச்சிட்டுப் போடு. இவரு அந்த நோட்டீஸ் சேதி தெரிஞ்ச நாள்ல இருந்து சரியாச் சோறு திங்கறதில்லை. யாராவது ஒருத்தரு கேஸ் போட்டாலாவது பசி எடுக்குதான்னு பாக்கலாம்."

"வேலாமணி, சும்மா இரு" என்றார் உள்ளேயிருந்து கருணாகரன். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். எழுந்து நின்றார், கட்சிக்காரர்களுக்கு அவர் எழுந்து நின்று ஜெஸிந்தா பார்த்ததில்லை.

"தப்பு என்னுதுதாம்மா" என்றார் அவள் உட்காரும் முன்பே. "உங்க சட்டம் வேற, எங்க சட்டம் வேறன்னு எனக்குத் தெரியாததில்லை. தெரிஞ்சு மறந்தேன். தெரியாதவன் செஞ்சாக்கூட மன்னிக்கலாம்."

"எனக்கு உரிமையே இல்லைங்கறாங்க சார். உங்க மேல கேஸ் போட."

"யாரு சொன்னது?"

"ராஜப்ரியா வக்கீலம்மா."

கருணாகரன் நிமிர்ந்தார். அவள் அந்த வீட்டில் நுழைந்ததிலிருந்து முதல் முறையாக அவர் முகத்தில் வக்கீல் களை வந்தது. "அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. ஆனா சிவில் கோர்ட்டு வழியில மட்டும் யோசிக்குது. நுகர்வோர் சட்டத்தைப் பாக்கச் சொல்லு. காசு குடுத்தவரு மட்டும் இல்லை, யாரு பலனுக்காக அந்த வேலை செய்யப்பட்டுதோ அவரும் புகார் குடுக்கலாம்னு அதுல இருக்குது. அந்த உயில் யாரு பலனுக்கு? உனக்கு. அப்பறம் என்ன? வக்கீல் தொழிலு அந்தச் சட்டத்துக்குள்ள வருமா வராதான்னு ஒரு சண்டை இருக்குது. அதை நான் கிளப்ப மாட்டேன்."

"இதென்ன கூத்து" என்றார் காப்பியோடு வந்த வேலாமணி. "தன்னை அடிக்கறதுக்குத் தானே கம்பு ஒடிச்சுக் குடுக்கற மனுசன இப்பத்தான் பாக்கறேன்."

"நான் இல்லாம வேற யாரு ஒடிச்சுக் குடுக்கறது?" என்றார் கருணாகரன். பிறகு ஜெஸிந்தாவிடம் குரலைத் தணித்தார். "இன்னொண்ணு. உன் ஊட்டுக்காரரச் சாட்சி போடக் கூப்பிட்டது யாருன்னு கேப்பாங்க. கோயில் உபதேசியார் சாட்சிக்கு வாறதா இருந்துது. மண்ணு சரிஞ்சு வழி அடைச்சுப் போச்சு. அதனால பொன்னுத்துரைய நான்தான் கூப்பிட்டேன். அப்படியே எழுதிரு."

அவர் அதைச் சொன்னபோது அவளைப் பார்க்காமல் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஜெஸிந்தா அதைக் கவனித்தாள். ஆனால் என்ன என்று விளங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. கோயில் முடிந்து வந்ததும் பொன்னுத்துரை கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினான். நாளைக்கு யாருடையதாகப் போகிறதோ, அந்தத் தோட்டத்தில் வளர்ந்துவிட்ட செடிகளை வெட்டிச் சமன்படுத்திக்கொண்டிருந்தான். கீழேயிருந்து மஞ்சுமூட்டம் ஏறி வந்து செடி வரிசைகளை ஒவ்வொன்றாக மூடியது. ஜெஸிந்தா மேல் வரிசையில் நின்றுகொண்டு கருணாகரன் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

"நீங்க ஏன் மொகத்தைத் தொங்கப் போடணும்? அவரு கூப்பிட்டாரு, நீங்க போட்டீங்க. அவரே ஒத்துக்கறாரு."

கத்தி நின்றது.

"அவரு கூப்பிடலை" என்றான் பொன்னுத்துரை.

"பின்னே?"

"அந்த ஆளு எனக்காகப் பொய் சொல்றாரு. அப்பாவுக்காகவும்." ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தனசிங்கை அவன் அப்பா என்று சொல்லி அவள் கேட்டதில்லை. "நான் வாசல்ல வெறகு அடுக்கிட்டு இருந்தேன். உபதேசியார் வரலைன்னு வக்கீலு சொல்றது காதுல விழுந்துச்சு. வேற யாரையாச்சும் நாளைக்குக் கூட்டிட்டு வரட்டுங்களான்னு கேக்கறாரு. அப்பாதான் சொன்னாரு, 'எதுக்கு நாளைக்கு? வாசல்ல என் மருமவன் நிக்கான்லா, அவனைக் கூப்பிடும்'னு."

ஜெஸிந்தா காதை மூடியிருந்த முந்தானையை விலக்கினாள்.

"எனக்குக் காதுல சரியா விழுகலையோன்னு நின்னுட்டேன். திரும்பவும் கூப்பிட்டாரு. 'மருமவனே, வாரும். வந்து போடும். கொடி பிடிச்ச கையிதான, நல்லா அழுத்திப் போடும்'னாரு. வக்கீலு ஏதோ யோசிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா அப்பா சிரிச்சிட்டு இருந்தாரு. அவரு சிரிச்சு யாரு பாத்தது? வக்கீலும் சிரிச்சுட்டாரு. நான் போட்டுட்டேன்." அவன் கையைப் பார்த்தான். "அந்தாளு ஒரே ஒரு தடவை மருமவன்னு கூப்பிட்டாரு. நான் அதுக்குப் பதிலா அவரு மகளுக்குக் குடுத்த ஊட்டையே இல்லாமப் பண்ணிட்டேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? சொன்னா நீ சந்தோசப்படுவே. ஊடு போற நேரத்துல எனக்கு அது மட்டும் கெடைச்சுதுன்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு."

ஜெஸிந்தா வரிசையைத் தாண்டி இறங்கி வந்தாள். ஈரச் செடி முட்டிவரை நனைத்தது. அவன் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சம்பள நாளில் அழுத்திய மை இன்னும் முழுதாகப் போகாத அந்தக் கட்டைவிரலைத் தன் முந்தானையால் தேய்த்தாள். மை போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"வக்கீல் சொல்ற மாதிரி எழுதினா நமக்கு லேசு" என்றாள் கடைசியில்.

"வேண்டாம். அப்படி எழுதினா அந்த வார்த்தை இல்லாமப் போயிரும். அது இருந்துட்டுப் போகட்டும்."

ராஜப்ரியாவிடம் இருவருமாகவே போனார்கள். அவள் நுகர்வோர் சட்டத்தை எடுத்துப் பார்த்து, "அட, எதிராளியே எனக்குப் பாடம் எடுக்கறாரே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொன்னுத்துரை உயில் எழுதிய அன்று நடந்ததைச் சொல்லி, இது கேஸைக் கெடுக்குமா என்று கேட்டான்.

"கெடுக்காதுங்கண்ணா. யாரு கூப்பிட்டாலும், 'இவரு போடக்கூடாது'ன்னு சொல்ல வேண்டியது அங்க உக்காந்திருந்த வக்கீலோட வேலை. மாமனார் மருமகனக் கூப்பிடறது எங்கயாவது தப்பாகுமா? நீங்க உள்ளது உள்ளபடி வாக்குமூலம் குடுங்க." எழுதிக்கொண்டே கேட்டாள்: "இறந்தவருக்கு நீங்க என்ன உறவுன்னு போடட்டும்?"

அவன் ஜெஸிந்தாவைப் பார்த்தான். அவள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டுமென்றே.

"மருமகனுங்க" என்றான்.

ஆனாலும் கையெழுத்து என்று வந்தபோது அவன் விரலைத்தான் நீட்டினான். ராஜப்ரியா மைப்பெட்டியைத் தேடி எடுத்தாள். ஜெஸிந்தா வற்புறுத்தவில்லை.

ஊட்டி நுகர்வோர் மன்றத்தில் விசாரணைக்குக் கருணாகரன் வக்கீல் வைக்காமல் தானே வந்தார். கறுப்புக் கோட்டுப் போடவில்லை. ஜெஸிந்தாவுக்கு அவரை அந்த இடத்தில் பார்க்கச் சங்கடமாக இருந்தது, ஒதுங்கி நின்றாள். அவரே வந்து, "பயப்படாதம்மா, சத்தமாப் பேசு. மன்றத் தலைவருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைவர் மனுவைப் புரட்டினார். "இந்தம்மா உங்க கட்சிக்காரர் இல்லையே. அந்த ஆட்சேபணையை நீங்க எழுப்பலையா?"

"எழுப்பலைங்க ஐயா."

"ஏன்?"

கருணாகரன் மேசைக்கு ஒரு அடி முன்னால் வந்தார். "ஐயா, சட்டை தைக்கக் குடுக்கறவரு ஒருத்தரு, போட்டுக்கறவரு இன்னொருத்தரு. அப்பன் மகளுக்குத் தைக்கக் குடுத்தாரு. நான் அளவு தப்பா வெட்டிட்டேன். குடுத்தவரு போயிட்டாரு. சட்டை பத்தலைன்னு போட்டுக்க வேண்டியவ வந்து நிக்கறா. 'நீ யாரு கேக்கறதுக்கு'ன்னு நான் எந்த மொகத்தோட கேக்கறது?"

அப்பன், மகள். அந்த இரண்டு வார்த்தைகளையும் ஒரு அலுவலக அறையில், மின்விசிறி சுழலாத ஊட்டிக் குளிரில், ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஜெஸிந்தா சத்தமாகப் பேச வேண்டும் என்று தயார் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துபோனது. பேசத் தேவையும் இருக்கவில்லை. மனுவை ஏற்றுக்கொள்வதாகத் தலைவர் சொன்னார்.

அதன்பிறகு வழக்கு நீளவில்லை. கருணாகரன் ஈடு கட்டச் சம்மதித்தார். கோயமுத்தூரில் இருந்த தன் பங்கு இடத்தை விற்றார். "எனக்கு அந்த வெயிலு ஆகாது, எப்பவும் அங்க போறதில்லை" என்று வேலாமணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், யாரும் கேட்காமலே. அன்பையாவிடம் பேசப் போனதும் கருணாகரன்தான். இறங்கிய சந்தையில் அன்பையாவுக்கும் தோட்டம் பாரமாகத்தான் இருந்தது. தேயிலைச் சரிவைக் காட்டேஜ் கட்டுகிற ஆள் ஒருவர் கேட்டிருந்தார். மேட்டில் இருக்கும் வீட்டுக்குக் கார் போகிற பாதை இல்லை, அது அந்த ஆளுக்கு வேண்டாம். கருணாகரன் கொடுத்த ஈட்டுப் பணத்துக்கு வீட்டை மட்டும் ஜெஸிந்தாவின் பெயருக்குக் கிரயம் செய்து கொடுக்க அன்பையா ஒத்துக்கொண்டார். தேயிலை போயிற்று. தனசிங் நட்ட செடிகளைப் பிடுங்குகிற நாளில் வீட்டில் இருக்க மாட்டேன் என்று ஜெஸிந்தா அப்போதே சொல்லிவிட்டாள்.

பத்திரப் பதிவுக்கு எல்லோரும் குன்னூரில் கூடினார்கள். பத்திரத்தை எழுதியது கருணாகரன். ராஜப்ரியாவிடம் கொடுத்து வரி வரியாகச் சரி பார்க்கச் சொல்லியிருந்தார். அன்பையா மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். "எப்பிடித்தான் எங்கண்ணன் இந்தக் குளுருல கெடந்தானோ" என்றார் இரண்டு தடவை. விற்பவராகக் கையெழுத்துப் போட்டார். கம்பவுண்டர் ஒரு சாட்சி. இரண்டாவது சாட்சிக்கு வருவதாக இருந்த உபதேசியாரை இன்றைக்கும் காணவில்லை.

"மண்ணு சரிஞ்சிருச்சாட்ட" என்றார் கம்பவுண்டர். யாரும் சிரிக்கவில்லை.

அன்பையா மணியைப் பார்த்தார். பிறகு சுவரோரமாக நின்ற பொன்னுத்துரையைப் பார்த்தார். "எதுக்கு முழிச்சிட்டு நிக்கியோ? மருமவனே, வாரும், வந்து போடும். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாவுது."

அண்ணன் பேசிய அதே ஊர்ப்பேச்சு, ஏறக்குறைய அதே குரல். அவர் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் வீட்டு மாப்பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஜெஸிந்தா தன் புருஷனைப் பார்த்தாள். அவன் வலது கையை வேட்டியில் துடைத்தான். பிறகு நடந்து வந்து பேனாவை எடுத்தான்.

"பொறுங்க, பொறுங்க!" கருணாகரன் பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். ராஜப்ரியாவைத் திரும்பிப் பார்த்தார். "இது கிரயம். உயில் இல்லை. இதுல போடலாமில்ல?"

"போடலாங்க சார்."

"நல்லாத் தெரியுமா?"

"சார், தாராளமாப் போடலாம்."

"ம். போடுங்க" என்று கையை விட்டார். நெற்றியைச் சால்வையால் துடைத்துக்கொண்டார்.

பொன்னுத்துரை குனிந்தான். மெதுவாகத்தான் ஆரம்பித்தான். கடைசி எழுத்துக்கு வந்ததும் கை தானாகப் பழைய வேகம் எடுத்தது. இழுத்தான், வளைத்தான், ஒரு வெட்டு வெட்டினான்.

"ஏங்க, என்ன இது?" என்று பதிவு எழுத்தர் சத்தம் போட்டார். "பக்கத்து ஆள் கட்டத்துக்குள்ள பாதி போயிருச்சு. இவ்வளவு பெருசா யாராவது போடுவாங்களா?"

"அவரு அப்படித்தானுங்க போடுவாரு" என்றாள் ஜெஸிந்தா.